பெரிய ராணியின் கோழிகள்

அரண்மனைக் கொல்லையிலும் கோழி மேய்ந்த முன்னொரு காலத்தில் மகுடபூபதி என்று ஓர் அரசர் இருந்தார். எந்த நாட்டை ஆண்டார் என்று கேட்காதீர்கள்; எனக்குச் சொன்னவர்களும் அதைச் சொல்லவில்லை. நல்ல மனிதர். சட்டென்று கோபம் வரும், அதே வேகத்தில் சிரிப்பும் வரும். அவரைச் சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனையில் அம்பலக்கூத்தன் என்றொரு விகடன் இருந்தான். நேராகச் சொன்னால் தலை போய்விடக்கூடிய சேதியைக்கூட அவன் வேடிக்கையாக்கிச் சொல்லிவிடுவான். அரசர் முதலில் சிரிப்பார், பிறகு யோசிப்பார், பிறகு அதன்படியே செய்துவிடுவார். அதனால் சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே அவனுக்கு ஓர் இடம் போட்டிருந்தார்கள்.

அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிரதானி வில்லவராயருக்கு வயிறு எரியும். பாட்டன் காலத்திலிருந்து இந்த அரண்மனைக்கு உழைத்த குடும்பம் அவருடையது. அவர் நின்றுகொண்டு பேச, ஒரு கோமாளி உட்கார்ந்துகொண்டு பேசுவதா? அவனை அங்கிருந்து எழுப்ப ஒரு வழி கிடைக்காதா என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அரசரின் தாயாரை எல்லோரும் பெரிய ராணி என்றே சொல்வார்கள். மலையோரத்துச் சிற்றரசர் வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். சீர்வரிசையோடு ஒரு பஞ்சாரம் நிறையக் கோழிகளும் அவரோடு வந்தன. அன்று அரண்மனைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்களாம். அவர் கண்டுகொள்ளவில்லை. பின்கட்டைத் தாண்டியுள்ள கொல்லையில் கூடு கட்டி, கடைசிவரை தம் கையாலேயே கோழி வளர்த்தார். துணைக்கு வைத்துக்கொண்டது காத்தாயி என்ற ஒருத்தியை மட்டும்தான். இருவரும் அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொல்லை மூலையில் ஒரு குழியில் கொட்டி வைப்பார்கள். கோழிகள் அதில் விழுந்து புரண்டு, சிறகை உதறி, கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடக்கும். கூட்டில் பரப்பிய வைக்கோல் கசங்கியதும் எடுத்து எரித்துவிட்டுப் புது வைக்கோல் போடுவார்கள். இதெல்லாம் பெரிய வித்தை ஒன்றுமில்லை, கோழி வளர்க்கும் எந்த வீட்டிலும் நடப்பதுதான். அரசரே சிறுபிள்ளையாக இருந்தபோது அந்தச் சாம்பல் குழியில் இறங்கி விளையாடிவிட்டு அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறார்.

ஒரு மழைக்காலத்தில் பெரிய ராணிக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை.

அரசர் யார் எதிரிலும் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு தனியாகக் கொல்லைக் கதவருகே போய் நின்றார். அம்மா கடைசியாகப் பரப்பிய வைக்கோல் கூட்டில் அப்படியே கிடந்தது. பாதி புடைத்து வைத்த கம்பு முறத்தில் இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்து ஓர் உத்தரவு போட்டார்.

“அம்மா விட்டுப்போனபடியே அந்தக் கொல்லை இருக்க வேண்டும். இரையையும் தண்ணீரையும் தவிர வெளியிலுள்ள எதுவும் உள்ளே போகக்கூடாது. உள்ளேயுள்ள ஒரு துரும்புகூட வெளியே வரக்கூடாது. காத்தாயி ஒருத்தி போய்வரலாம். மீறுகிறவர்களுக்கு இந்த நாட்டில் இடமில்லை.”

காவல் பொறுப்பை வில்லவராயர் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். கொல்லைக்கு வெளிப்புறமாக, கோழிக்கூட்டின் பின்சுவரை ஒட்டித் தமக்கு ஒரு மரப்பலகை போடச் சொன்னார். புழுக்கம் தாங்காமல் தலைப்பாகையைக் கழற்றிச் சுவரிலிருந்த முளையில் மாட்டிவிட்டு, காத்தாயி போகும்போதும் வரும்போதும் அவள் முந்தானையை உதறிக்காட்டச் சொல்லிப் பார்ப்பார். சாயங்காலமானால் அரசர் கேட்பார்:

“அம்மாவின் கொல்லை எப்படி இருக்கிறது?”

“அப்படியே இருக்கிறது, மகாராஜா.”

அந்த ஒரு வார்த்தைக்காக அரசர் பிரதானியை முன்னைவிட அதிகமாக விரும்பினார். தாம் மட்டும் ஒருநாளும் கொல்லைப் பக்கம் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி.

சாம்பல் குழி மழையில் கரைந்து சேறாகிக் காய்ந்து இறுகியது. கூட்டு வைக்கோல் மக்கியது. அதில் செள் பிடித்தது. கோழிச்செள் என்பது ஊசிமுனை அளவுள்ள பூச்சி. பகலில் மரச்சட்டத்தின் வெடிப்பிலும் வைக்கோலுக்குள்ளும் பதுங்கிக் கிடக்கும். கோழி அடைந்ததும் வெளியே வந்து அதன் மேல் ஏறி ரத்தம் குடிக்கும். ஒன்று இரண்டு என்றால் தெரியாது. ஆயிரக்கணக்கில் பெருகினால் கோழியின் கொண்டை வெளுத்துப்போகும், கால் தள்ளாடும், ஒருநாள் காலையில் கூட்டுக்கடியில் விழுந்து கிடக்கும்.

காத்தாயி முதலில் பிரதானியிடம்தான் போனாள்.

“கோழிக்கெல்லாம் செள்ளு புடிச்சுப்போச்சுங்க ராயரே. கூட்டுக்குள்ள கைய விட்டா முழங்கை வரைக்கும் ஏறுது. அந்த வைக்கலை எடுத்து எரிச்சுட்டு, சாம்பலு கொஞ்சம் கொண்டாந்து போட்டாப் போதுமுங்க.”

“துரும்பு அசையக்கூடாது என்பது அரசர் வாக்கு. உன் கை அரித்தால் எண்ணெய் தடவிக்கொள். போ.”

அடுத்து அவள் அம்பலக்கூத்தன் வீட்டுக்குப் போனாள். அவன் அவளுடைய கையைப் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அவன் வீட்டிலும் கோழி உண்டு. அவள் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா மகாராசா கேப்பாருங்க ஐயா.”

“கேப்பாரு. ஆனா எடுத்த எடுப்புல சொல்ல முடியாது காத்தாயி. சமையக்காரர் கதை தெரியுமில்ல? ‘பெரிய ராணி இருந்தா’ன்னு வாயைத் திறந்தாரு, அன்னைக்கே மூட்டையைக் கட்ட வேண்டியதாப் போச்சு. நான் நல்ல நேரம் பார்த்து, அவரு சிரிக்கிற மாதிரி சொல்றேன். கொஞ்சம் பொறு.”

அவன் ஏமாற்றவில்லை. உண்மையாகவே யோசித்தான். கோழிகள் ஒரு தூது அனுப்புவது போல ஒரு வேடிக்கை கட்டினான். சொல்லிப் பார்த்தபோது அவனுக்கே பிடிக்கவில்லை. இன்னொன்று கட்டினான். அது நன்றாக வந்தது. ஆனால் அன்றைக்கு அரசர் யார்மீதோ கோபமாக இருந்தார். பிறகு திருவிழா வந்தது. திருவிழா முடிந்ததும் வெளிநாட்டுத் தூதர்கள் வந்தார்கள். சிரிப்பு மட்டும் சரியான இடத்தில் விழுந்துவிட்டால் காரியம் தானாக நடந்துவிடும் என்று அவன் நம்பினான். இத்தனை காலம் அப்படித்தானே நடந்தது?

காத்தாயி மறுபடியும் வந்தாள். “பொறிப்புள்ளிக் கோழி செத்துப் போயிருச்சுங்க. கருப்பியும் நிக்க மாட்டேங்குது.”

“இன்னும் ஒரு வாரம் பொறு.”

செத்த கோழிகளைப் பற்றிப் பிரதானி அரசரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் அதை அழகாகச் சொன்னார். “மகாராஜா, அந்த வாயில்லாத ஜீவன்கள் பெரிய ராணியைப் பிரிந்த ஏக்கத்தில் இரையெடுக்காமல் உயிரை விடுகின்றன.” அரசர் அதை அப்படியே நம்பினார். செத்த கோழிகளைக் கொல்லைக்குள்ளேயே சந்தனம் தெளித்துப் புதைக்கச் சொன்னார்.

அம்பலக்கூத்தன் அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அரசரின் முகத்தைப் பார்த்தான். இது வேடிக்கைக்கு நேரமில்லை என்று வாயை மூடிக்கொண்டான்.

கடைசியில் காத்தாயி காத்திருக்கவில்லை. தன் வீட்டு அடுப்புச் சாம்பலை ஒரு துணியில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கதவருகே மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் சபையில் அவளை நிறுத்தினார்கள். பிரதானி சாம்பல் முடிச்சை அரசர் காலடியில் வைத்தார்.

“காத்தாயி, என் உத்தரவு உனக்குத் தெரியாதா?” என்று அரசர் கேட்டார். சிறுவயதிலிருந்து பார்த்த முகம் என்பதால் குரலில் கோபத்தைவிட வருத்தமே இருந்தது.

“தெரியும் மகாராசா.”

“பிறகு ஏன் இப்படிச் செய்தாய்?”

“கோழி சாவுது மகாராசா. செள்ளு தின்னுது.”

“இவள் பொய் சொல்கிறாள்,” என்றார் பிரதானி. “தினமும் நான் அங்கேதான் இருக்கிறேன். ஒரு பூச்சியையும் கண்டதில்லை. பெரிய ராணி இருந்த இடத்தில் குப்பைச் சாம்பலைக் கொட்டத் துணிந்தவளை எல்லைக்கு அப்பால் விட்டுவிட வேண்டும், மகாராஜா.”

காத்தாயி தலையைத் திருப்பி அம்பலக்கூத்தனைப் பார்த்தாள். அவனிடம் சொன்னதாக ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் எழுந்தான்.

“மகாராஜா, உத்தரவு மீறப்பட்டது உண்மை. ஆனால் மீறியது இவள் மட்டுமல்ல. இவளுக்கு முன்பே பல்லாயிரம் பேர் அந்தக் கொல்லைக்குள் புகுந்திருக்கிறார்கள். பிரதானியார் காவல் இருந்தபோதே.”

சபை சலசலத்தது. வில்லவராயர் சிவந்துபோனார்.

“என்னைத் தாண்டி ஓர் ஈகூட உள்ளே போனதில்லை!”

“ஈ போகவில்லை, செள் போயிருக்கிறது. போன கூட்டம் சும்மாவும் இல்லை. உள்ளே இருப்பதைக் குடித்துவிட்டு வெளியேயும் வந்துகொண்டிருக்கிறது.”

பல காலமாகப் பிரதானி எதிர்பார்த்திருந்த தருணம் அது. அவர் அரசரை வணங்கினார்.

“மகாராஜா, விகடர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். சொன்னதை இந்தச் சபையிலேயே காட்டட்டும். கொல்லைக்குள் ஒருவரும் போகக்கூடாது. அங்கிருந்து ஒன்றையும் எடுத்துவரக்கூடாது. இவர் சபையை விட்டு ஓரடி நகரவும் கூடாது. காட்ட முடியாவிட்டால், இவளோடு சேர்ந்து இவரும் எல்லையைத் தாண்டட்டும்.”

அரசர் யோசித்தார். அம்மாவின் கொல்லையைப் பற்றி இத்தனை பேர் எதிரில் பேசுவதே அவருக்குப் பிடிக்கவில்லை. “அப்படியே ஆகட்டும்,” என்று சொல்லிவிட்டார். “அம்பலக்கூத்தா, காட்டு. முடியாவிட்டால் போ.”

அம்பலக்கூத்தன் பிரதானியைப் பார்த்தான். காலையிலிருந்தே ஒன்றைக் கவனித்திருந்தான். பிரதானியின் வலது கை பேச்சுக்கு நடுவில் அடிக்கடி பிடரிக்குப் போய், தலைப்பாகையின் விளிம்பில் நுழைந்து, ஒன்றும் நடக்காதது போல இறங்கிக்கொண்டிருந்தது.

“உத்தரவு, மகாராஜா. எனக்கு ஒரேயொரு உதவி வேண்டும். நான் தேடும்போது குறுக்கே யாரும் பேசக்கூடாது. அதற்காகப் பிரதானியார் தங்கள் எதிரில் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நிற்க வேண்டும். நாழிகை வட்டில் ஒருமுறை நீரில் மூழ்கும்வரை போதும்.”

“இவ்வளவுதானா?” என்றார் பிரதானி. பெருமையாக முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு தூண்போல நின்றார்.

அம்பலக்கூத்தன் தேட ஆரம்பித்தான். தூணுக்குப் பின்னால் பார்த்தான். தன் வேட்டி மடிப்பைப் பிரித்துப் பார்த்தான். சேனாதிபதியின் தாடியை மரியாதையோடு விலக்கிப் பார்த்துவிட்டு, “மன்னிக்க வேண்டும், இங்கே இல்லை,” என்றான். ஓரிருவர் சிரித்தார்கள்.

ஆனால் சபையின் கண் மெல்லமெல்லப் பிரதானியின் பக்கம் திரும்பியது. முதலில் அவருடைய காது துடித்தது. பிறகு கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு புருவம் மேலே போனது, அதைத் தொடர்ந்து மற்றதும் போனது. தோள் இரண்டையும் ஏற்றித் தலைப்பாகையின் விளிம்பில் உரச முயன்றார், எட்டவில்லை. பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வட்டில் பாதிகூட மூழ்கவில்லை.

“பிரதானியாரே, உடம்புக்கு என்ன?” என்று அரசர் கேட்டார்.

“ஒன்றுமில்லை, மகாரா...”

அதற்குமேல் அவரால் முடியவில்லை. இரண்டு கையையும் அவிழ்த்துத் தலைப்பாகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சபை என்றும் பாராமல் பத்து விரலாலும் தலையைப் பறட்பறட்டென்று சொறிந்தார். சொறியச் சொறிய அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைப் பார்த்துச் சபையே வெடித்துச் சிரித்தது.

அம்பலக்கூத்தன் தன் வெள்ளை மேல்துண்டைத் தரையில் விரித்து, தலைப்பாகையை அதன்மேல் பிடித்து ஓர் உதறு உதறினான். சிவப்பும் கறுப்புமாகப் பொடிப்பொடியாக ஏதோ கொட்டியது. கொட்டியது நகர்ந்தது.

“மகாராஜா, கொல்லைக்குள் யாரும் போகவில்லை. நான் ஒன்றையும் எடுத்துவரவில்லை. சபையை விட்டு ஓரடி நகரவுமில்லை. அங்கே புகுந்தவர்களைப் பிரதானியாரே தலையில் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்திருக்கிறார். கூட்டை ஒட்டிய முளையில் தினமும் இந்தத் தலைப்பாகைதான் தொங்குகிறது.”

அரசர் சிரித்தார். பெரிய ராணி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, துண்டின் பக்கத்தில் குனிந்து அந்தப் பூச்சிகளைப் பார்த்தார்.

“இத்தனை சிறியதா? ஏன் இப்படிச் சிவந்திருக்கின்றன?”

“குடித்த ரத்தம், மகாராஜா.”

“யாருடையது? பிரதானியாருடையதா?” அரசருக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

“அவருடையது கொஞ்சம் இருக்கும். மற்றதெல்லாம் பெரிய ராணி வளர்த்த கோழிகளுடையது.”

அரசரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. சபையிலும் அடங்கியது. அவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பின்கட்டை நோக்கி நடந்தார். காத்தாயியும் அம்பலக்கூத்தனும் பின்னால் போனார்கள். வில்லவராயர் வெறுந்தலையோடு தள்ளியே வந்தார்.

கதவைத் திறந்ததும் மக்கிய நாற்றம் அடித்தது. அரசர் நினைத்துக்கொண்டிருந்த கொல்லை அங்கே இல்லை. முறத்திலிருந்த கம்பு பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தது. சந்தனம் தெளித்த சின்னச் சின்ன மண்மேடுகள் வேலியோரம் வரிசையாக இருந்தன. உயிரோடு மூன்று கோழிகள் வெளியில் உட்கார்ந்திருந்தன. ஆளைக் கண்டு எழுந்து ஓடக்கூட இல்லை. கொண்டையெல்லாம் வெளிறித் துணிபோல இருந்தது.

“இத்தனைதானா?” என்றார் அரசர்.

“செவலை உள்ளாற அடையில இருக்கு மகாராசா. அம்மா கையில குஞ்சாப் பொரிச்சது. முட்டையை விட்டு எந்திரிக்க மாட்டேங்குது. மத்ததாவது பகல்ல வெளிய வந்து தப்பிக்கும். அடைக்கோழி எங்க போகும்?”

அரசர் குனிந்து கூட்டுக்குள் கையை விட்டார். செவலைக்கோழி வைக்கோலில் சிறகை அகட்டி முட்டைகளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தொட்டபோது விறைத்திருந்தது. முந்தைய நாளோ அன்று காலையிலோ செத்திருக்க வேண்டும். அவர் அதை வெளியே எடுத்தார். கையில் கனமே இல்லை. இறகுக்குள்ளிருந்து பூச்சிகள் அவர் விரல்களில் ஏறி, பொன் கங்கணத்தைத் தாண்டி முழங்கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் தட்டிவிடவில்லை.

காத்தாயி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

“கூமுட்டை,” என்று சொல்லிக் கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். கடைசி முட்டையையும் குலுக்கிப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு வைத்தாள்.

“என்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?” என்றார் அரசர்.

“நான் தங்கள் உத்தரவைத்தான் காத்தேன், மகாராஜா,” என்று வில்லவராயர் பின்னாலிருந்து சொன்னார்.

“ஆமாம். என் உத்தரவைத்தான் காத்தீர்கள்.” அரசர் அவரைத் திட்டவில்லை. “ஏக்கத்தில் செத்தன என்றீர்கள். அதைக் கேட்க எனக்கும் நன்றாக இருந்தது.”

பிறகு அம்பலக்கூத்தன் பக்கம் திரும்பினார். “உனக்கு எப்போது தெரியும்?”

அவனிடம் எதற்கும் ஒரு வேடிக்கைப் பதில் இருக்கும். இப்போது நேராகவே சொன்னான்.

“இவள் வந்து சொன்ன நாளிலிருந்தே தெரியும், மகாராஜா. திருவிழாவுக்கு முன்னாலேயே. அப்போது ஐந்தாறு கோழிதான் சுணங்கியிருந்தன. தாங்கள் சிரிக்கும்படியாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். ஒன்று யோசித்தேன், நன்றாக இல்லை. இன்னொன்று யோசித்தேன். அப்படியே நாள் போய்விட்டது.”

“நேராகச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“பயம், மகாராஜா.”

அரசர் தலையை ஆட்டினார். சமையற்காரர் அவருக்கு நினைவு வந்திருக்கலாம். கோழியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காய்ந்த சாம்பல் குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா செத்த அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது. மற்ற மூவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கே வைக்கோல் முழுவதையும் வாரிக் கொல்லை நடுவில் கொளுத்தினார்கள். கூட்டுச் சட்டங்களில் கொதிநீரை ஊற்றி, வெடிப்புகளில் வேப்பெண்ணெய் தடவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இறுகிய குழியைக் கொத்தி எடுத்துவிட்டுச் சலித்த சாம்பலை நிரப்பினார்கள். ஒருதடவையோடு விட்டுவிட்டால் வெடிப்புக்குள் தங்கிய செள்முட்டை பொரித்து மறுபடியும் பெருகும் என்பதால், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் எல்லாவற்றையும் திரும்பச் செய்தார்கள். வில்லவராயரும் மொட்டையடித்துக்கொண்டு வந்து சுண்ணாம்பு வாளி தூக்கினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

இருந்த மூன்றில் ஒன்று தேறவில்லை. மற்ற இரண்டின் கொண்டையிலும் மெதுவாகச் சிவப்பு ஏறியது.

பிறகு ஒருநாள் சபை கூடியபோது அரசர் அம்பலக்கூத்தனை அழைத்துப் பட்டுச் சால்வை போர்த்தி, தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அணிவித்தார்.

“சபையில் சொன்னபடி காட்டினாய். அதற்கு இது. இன்னும் ஏதாவது கேள்.”

“மகாராஜா, கொல்லையிலோ வயலிலோ தெருவிலோ ஏதாவது கெட்டுப்போனால், அதைப் பார்த்தவர்களே இந்தச் சபைக்கு நேராக வந்து சொல்லலாம் என்று ஓர் உத்தரவு வேண்டும். வாசலில் தடுக்கக்கூடாது. என்னிடமும் வரவேண்டியதில்லை. காத்தாயி முதல் ஆளாக வரட்டும்.”

“எல்லோரும் நேராக வந்து சொல்லிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உனக்கு என்ன வேலை?”

“வெற்றிலை மடித்துக் கொடுக்கிறேன், மகாராஜா. அதைக் கெடுத்தால் தங்கள் வாய் மட்டும்தான் வேகும்.”

அரசர் சிரித்தார். முன்போல ஆசனத்தைத் தட்டிச் சிரிக்கவில்லை, ஆனாலும் சிரித்தார். கேட்ட உத்தரவை அங்கேயே கொடுத்தார்.

சபை கலைந்ததும் அம்பலக்கூத்தன் சால்வையும் மாலையுமாகக் கொல்லைக்குப் போனான். காத்தாயி ஒரு கோழியைப் பிடித்துக் குந்தியிருந்தாள். ஒரு கையால் கோழியை அழுத்திக்கொண்டு மறுகையால் இறகைப் பிரித்துச் சாம்பலும் வசம்புப் பொடியும் தூவச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள். அவன் உத்தரவைப் பற்றிச் சொன்னான்.

“வரேனுங்க,” என்றாள் நிமிராமல். இறகைப் பிரித்துக்கொண்டே, “நான் மொத தடவ வந்தன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா செவலை இருந்திருக்கும் ஐயா,” என்றாள்.

“இருந்திருக்கும்.”

“காலைப் புடிங்க. உதைக்குது.”

அவன் சால்வையை எடுத்து வேலியில் போட்டுவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து கோழியின் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் இறக்கைக்கு அடியில், வாலுக்கு அடியில், கழுத்தில் என்று பொறுமையாகப் பார்த்துத் தூவினாள். சாம்பல் பறந்து அவன் முகத்திலும் முத்துமாலையிலும் படிந்தது. முன்பெல்லாம் அந்தக் கோலத்தை வைத்தே அவளை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்திருப்பான். இன்று அதற்கு முயலவில்லை. அவள் அடுத்த கோழியைப் பிடித்து வர எழுந்து போனாள். அவள் வரும்வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.